ஆன்டிவைரஸ் மெசேஜ் நிக்கவே மாட்டேங்குது, அவசரம்

ஜன்னலோரம் · காலை 9:12
வீட்டு கம்ப்யூட்டர்ல ஆன்டிவைரஸ் மெசேஜ் வந்துட்டே இருக்கு. மூடினா மறுபடி வருது. நிமிஷத்துக்கு ஒண்ணு. எல்லாத்தையும் ஆஃப் பண்ணிப் பார்த்தாச்சு. எப்படி நிறுத்துறது? 11 மணிக்கு இதுலதான் மீட்டிங், அதுக்குள்ள யாராவது சொன்னா புண்ணியமா போகும்.

குமிழ் · 9:15
எந்த ஆன்டிவைரஸ்? விண்டோஸ் 10ஆ, 11ஆ? "எல்லாத்தையும்"னா எதையெதை?

சாலிடரிங்_மணி · 9:17
தம்பி, முதல்ல மூலையில இருக்கிற தேதியைப் பாருங்க. மதர்போர்டுல காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. அது செத்துட்டா கரண்ட் போய் வர்ற ஒவ்வொரு தடவையும் தேதி பழசுக்குப் போயிடும். தேதி தப்புன்னா லைசன்ஸ் செல்லாது, சர்டிஃபிகேட் செல்லாதுன்னு கத்த ஆரம்பிச்சுடும். நான் பார்த்த பத்து கேஸ்ல ஏழு இதுதான்.

குமிழ் · 9:18
மணி அண்ணே, போன வாரம் ஒருத்தருக்கு பிரிண்டர் வேலை செய்யலைன்னதுக்கும் இதே ஏழுதான் சொன்னீங்க.

பழைய_பென்டியம் · 9:22
இந்தப் பக்கத்து மேல தேடுறதுக்குன்னு ஒரு பெட்டி வச்சிருக்காங்க. அழகுக்கு இல்ல. இதே கேள்வி மாசத்துக்கு நாலு தடவை வருது. "மெசேஜ் வருது"ன்னா டாக்டர்கிட்ட போய் "உடம்பு சரியில்ல"ன்னு சொல்ற மாதிரி. என்ன மெசேஜ்?

நிரலன் · 9:26
வணக்கம் நண்பரே. அமைப்புகள், பிறகு முறைமை, பிறகு அறிவிக்கைகள் என்ற வரிசையில் செல்லுங்கள். எந்தெந்தச் செயலிகள் அறிவிக்கை அனுப்புகின்றன என்ற பட்டியல் கீழே இருக்கும். உங்கள் நச்சுநிரல் எதிர்ப்பியின் பெயருக்கு நேரே உள்ள ஆளியை அணைத்துவிடுங்கள்.

ஜன்னலோரம் · 9:31
நிரலன் அண்ணா, முறைமைன்னு எதுவும் இங்க இல்லையே?

குமிழ் · 9:32
"சிஸ்டம்"னு இருக்கும் பாருங்க. அதுக்குள்ள "நோட்டிஃபிகேஷன்ஸ்".

பழைய_பென்டியம் · 9:33
இதுக்குத்தான் சொல்றது. வீடு பத்தி எரியும்போது தண்ணிக்குத் தூய தமிழ்ல என்னன்னு யோசிச்சுட்டு நிக்கக்கூடாது.

நிரலன் · 9:37
தண்ணீர் தூய தமிழ்தான், ஐயா. விண்டோஸைத் தமிழிலேயே நிறுவிப் பயன்படுத்தும் என்னைப் போன்றவர்களும் இருக்கிறோம். சொல்லைப் புழங்காமலே வைத்திருந்துவிட்டு, பிறகு புழக்கத்தில் இல்லை என்று குறைப்படுவது என்ன நியாயம்?

கருந்திரை · 9:40
விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடுங்க. முடிஞ்சது.

குமிழ் · 9:41
கருந்திரை, அவருக்கு 11 மணிக்கு மீட்டிங்.

கருந்திரை · 9:42
இன்ஸ்டால் பண்ண அரை மணி நேரம் போதும். 🙂

ஜன்னலோரம் · 9:48
சிஸ்டம் கிடைச்சுது. ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டேன். அப்பவும் வருது. விண்டோஸ் 11. ஆன்டிவைரஸ் நான் போட்டதில்ல, லேப்டாப் வாங்கும்போதே உள்ள இருந்தது. ஒரு வருஷம் ஃப்ரீன்னு சொன்னாங்க. வாங்கி ரெண்டு வருஷம் ஆகுது.

இரவுப்பறவை · 9:55
அப்போ பாதி விஷயம் புரிஞ்சுடுச்சு. ஓசி காலம் முடிஞ்சதும் இந்த மாதிரி ட்ரையல்கள் "புதுப்பி, புதுப்பி"ன்னு நச்சரிக்கும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. நீங்க அணைச்சது விண்டோஸ் வழியா வர்ற நோட்டிஃபிகேஷனை மட்டும்தான். பல ஆன்டிவைரஸ்கள் விண்டோஸைக் கேட்காம சொந்தமா ஒரு பெட்டி வரைஞ்சு அதை மூலையில நிறுத்திடும். அதுக்கு அந்த சுவிட்ச் கட்டுப்படாது.

காலாவதி ஆனதை வச்சிருந்து ஒரு பிரயோஜனமும் இல்ல, கழட்டிடுங்க. செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ். அடம்பிடிச்சா அந்தக் கம்பெனி தளத்துலயே ரிமூவல் டூல்னு தனியா இருக்கும். எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணா விண்டோஸோட கூடவே வர்ற டிஃபெண்டர் தானா முழிச்சுக்கும். வேற ஆன்டிவைரஸ் காவலுக்கு இருக்கிற வரைக்கும் அது ஒதுங்கியே இருக்கும்.

வடிகட்டி · 10:01
டிஃபெண்டர் எல்லாம் பேருக்குத்தான். காசு கொடுத்து நல்லதா ஒண்ணு வாங்கிப் போடுங்க. பாதுகாப்புல கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது.

இரவுப்பறவை · 10:03
வீட்டுல மெயில் பார்த்து, மீட்டிங் போற ஆளுக்கு டிஃபெண்டர் தாராளம். வேலை செய்யுதான்னு சந்தேகம்னா ஐகார் டெஸ்ட் ஃபைல்னு ஒண்ணு இருக்கு. 68 எழுத்து, ஒரு தீங்கும் பண்ணாது, ஆனா எல்லா ஆன்டிவைரஸும் அதைக் கண்டா பிடிக்கணும்னு பேசி வச்சிருக்காங்க. சேவ் பண்ணின நொடியே டிஃபெண்டர் பிடுங்கிப் போட்டுடும்.

வடிகட்டி · 10:06
68 எழுத்தைப் பிடிச்சா ஆச்சா? காவல்காரன் முழிச்சிருக்கான்னு அதுல தெரியும், திருடனைப் பிடிப்பானான்னு தெரியுமா?

கருந்திரை · 10:09
காசு கொடுத்து வாங்குறதைப் பத்திப் பேசுறவங்க 2024 ஜூலை 19ஐ மறந்துட்டாங்களா? கிரவுட்ஸ்ட்ரைக்ங்கிற செக்யூரிட்டி கம்பெனி ஒரே ஒரு அப்டேட் அனுப்புச்சு, உலகம் பூரா 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீலத்திரை காட்டிட்டு உட்கார்ந்துடுச்சு. ஏர்போர்ட்டெல்லாம் நின்னுச்சு. வைரஸ் இல்ல, காவல்காரன் பண்ண வேலை.

வடிகட்டி · 10:12
அது ஆபீஸ்களுக்கு விக்கிறது, வீட்டுக்கு இல்ல. ஓசியைப் பத்திப் பேசுவோமா? 2024 பிப்ரவரியில அமெரிக்காவோட வணிகக் கண்காணிப்பு அமைப்பு எஃப்டிசி, ஓசி ஆன்டிவைரஸ் கொடுக்கிற அவாஸ்ட் கம்பெனியை 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது எதுக்கு? ஜனங்க எந்தெந்தத் தளத்துக்குப் போறாங்கங்கிற விவரத்தை வித்ததுக்கு. காசு கொடுக்கலைன்னா இப்படித்தான் வேற வழியில வசூலாகும்.

இரவுப்பறவை · 10:14
டிஃபெண்டரும் அவாஸ்டும் ஒண்ணா? என்ன கணக்கு இது?

நிரலன் · 10:17
கேட்டவர் அறிவிக்கையை நிறுத்த வழி கேட்டார். நாம் எங்கோ போய்விட்டோம்.

பழைய_பென்டியம் · 10:18
முதல் தடவையா நிரலன் சொல்றதை ஒத்துக்கறேன். ஜன்னலோரம், ஒரு மணி நேரமா கேட்டுட்டு இருக்கேன். அந்தப் பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு எழுத்துக்கு எழுத்து போடுங்க. பெருசா இருக்கிறது மட்டும் இல்ல, ஓரத்துல பொடியா இருக்கிறதும். ஸ்க்ரீன்ல எந்த மூலையில வருதுன்னும் சொல்லுங்க.

ஜன்னலோரம் · 10:26
வலது பக்கம் கீழ. சிவப்புக் கேடயம் படம். "எச்சரிக்கை! உங்கள் கணினியில் 5 வைரஸ்கள். பாதுகாப்பு இன்று முடிகிறது. உடனே புதுப்பிக்கவும்." ஆன்டிவைரஸ் பேரும் லோகோவும் இருக்கு, அதனாலதான் அதுன்னு நினைச்சேன். பொடி எழுத்துல மேல க்ரோம்னு போட்டிருக்கு. அதுக்கு அடியில ஏதோ எழுத்தும் நம்பரும் கலந்து, கடைசியில டாட் எக்ஸ்ஒய்இசட்.

பழைய_பென்டியம் · 10:28
வந்துடுச்சு. அது ஆன்டிவைரஸே இல்ல. க்ரோம் வழியா ஏதோ ஒரு தளம் அனுப்புறது. லோகோவை யார் வேணா ஒட்டலாம், அந்தப் பொடி எழுத்து முகவரியை மட்டும் மாத்த முடியாது. அங்கதான் பார்க்கணும்.

யாரோ எப்பவோ ஒரு தளத்துல "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ அழுத்தவும்"னு வந்ததை அழுத்தியிருப்பாங்க. அதுவே அனுமதி. அந்தப் பக்கத்தை மூடினாலும் அது க்ரோமுக்குள்ள விட்டுட்டுப் போன ஒரு சின்ன நிரல் தங்கிடும். பிறகு அவங்க எப்ப வேணா அனுப்பலாம். நீங்க சிஸ்டம் செட்டிங்ஸ்ல ஆன்டிவைரஸை அணைச்சா இது எப்படி நிக்கும்? அடுத்த வீட்டு ஃப்யூஸைப் பிடுங்கின கதை.

க்ரோம்ல மூணு புள்ளி, செட்டிங்ஸ், ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி கொடுத்த தளங்களோட பட்டியல் வரும். தெரியாத பேரு எல்லாத்தையும் ப்ளாக் பண்ணுங்க. மேலயே இனிமே எந்தத் தளமும் கேட்கவே கூடாதுங்கிற தேர்வும் இருக்கு, அதையும் போட்டுடுங்க. அந்தப் பெட்டி மேல மட்டும் க்ளிக் பண்ணிடாதீங்க.

குமிழ் · 10:30
இனிமே பெட்டி வந்து யாரோடதுன்னு தெரியலைன்னா, மைக்ரோசாஃப்ட்டோட ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் ஓசிதான், இறக்கிக்கலாம். அதுல குறிபார்க்கிற வட்டம் மாதிரி ஒரு ஐகான். அதை இழுத்துட்டுப் போய்ப் பெட்டி மேல விட்டா எந்த ப்ரோகிராம்னு காட்டிடும்.

ஜன்னலோரம் · 10:39
யப்பா. பட்டியல்ல 14 தளம் இருக்கு. ஒண்ணுகூட எனக்குத் தெரியாது. ப்ளாக் பண்ணிட்டே இருக்கேன். நின்னுடுச்சு!! ரொம்ப நன்றி எல்லாருக்கும்.

அப்பாதான் அதிகமா யூஸ் பண்ணுவார். போன வாரம் அந்த மெசேஜைத் தொட்டதும் ஒரு போன் நம்பர் வந்துச்சாம், கூப்பிட்டிருக்கார். அவங்க ஏதோ ஒரு ப்ரோகிராமை இறக்கச் சொல்லி "சரி பண்ணிக் கொடுத்தாங்க"ளாம். இப்பத்தான் சொல்றார்.

குமிழ் · 10:40
என்னது?

பழைய_பென்டியம் · 10:43
மீட்டிங்கை விடுங்க. இல்லன்னா போன்ல பாருங்க. இந்தக் கம்ப்யூட்டரோட வைஃபையை இப்பவே அணைங்க. இதை வேற போன்ல படிங்க.

அப்பாவைத் திட்டாதீங்க. திட்டினா மிச்சத்தைச் சொல்ல மாட்டார். பேங்க் பாஸ்வேர்டு, ஓடிபி, கார்டு நம்பர் எதாவது சொன்னாரா, அவங்க ஸ்க்ரீனைப் பார்க்கும்போது பேங்க் பக்கம் திறந்திருந்ததா, பொறுமையா கேளுங்க. ஆமான்னா கார்டுக்குப் பின்னாடி அச்சடிச்சிருக்கிற நம்பருக்குப் போன் போட்டு முடக்கச் சொல்லுங்க. இணையத்துல தேடி எடுக்கிற நம்பர் வேண்டாம். இல்லன்னு சொன்னாலும் கணக்கை ஒரு தடவை பார்த்துடுங்க.

இன்ஸ்டால்டு ஆப்ஸை தேதி வாரியா வரிசைப்படுத்துங்க. போன வாரம் உள்ள வந்தது எதுன்னு தெரிஞ்சுடும். அதைத் தூக்குங்க. கூடவே காலாவதி ஆன ஆன்டிவைரஸையும். செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ் பக்கம் போய் உங்களுக்குத் தெரியாத யூசர் யாராவது புதுசா முளைச்சிருக்காங்களான்னு பாருங்க. ரீஸ்டார்ட் பண்ணிட்டு, நெட்டைக் கொடுத்து டிஃபெண்டரை அப்டேட் பண்ணி, ஸ்கேன் ஆப்ஷன்ஸ்ல ஆஃப்லைன் ஸ்கேன் போடுங்க. கம்ப்யூட்டர் தானா அணைஞ்சு, விண்டோஸ் எழுந்திருக்கிறதுக்கு முன்னாடியே துழாவும், கால் மணி நேரம் ஆகும். மெயில், பேங்க் பாஸ்வேர்டெல்லாம் வேற போன்ல இருந்து மாத்துங்க, இதுல வேண்டாம்.

வடிகட்டி · 10:46
என்னைக் கேட்டா ஃபார்மட்டே பண்ணிடுவேன். வெளியாள் உள்ள புகுந்து உட்கார்ந்த மெஷினை எதை வச்சு நம்புறது? போட்டோ, டாக்குமென்ட்டை மட்டும் காப்பி எடுத்துக்கோங்க.

இரவுப்பறவை · 10:47
இதுல வடிகட்டி சொல்றதுக்கு நானும் சரின்னு சொல்றேன்.

நிரலன் · 10:52
நண்பரே, பணம் ஏதும் போயிருந்தால் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவிலும் தாமதிக்காமல் புகார் கொடுங்கள். அழைத்த எண், நேரம் இரண்டும் அப்பாவின் கைபேசியில் இருக்கும். அழித்துவிட வேண்டாம்.

குமிழ் · பிற்பகல் 1:20
ஜன்னலோரம், என்ன ஆச்சு?

கருந்திரை · 3:45
ஆளைக் காணோம்.

ஜன்னலோரம் · இரவு 9:50
மன்னிக்கணும், இப்பத்தான் உட்கார்ந்தேன். ஸ்க்ரீனை அவங்க பார்க்கிற ப்ரோகிராம் ஒண்ணு இருந்தது, எடுத்தாச்சு. ஆன்டிவைரஸும் போச்சு. ஓடிபி கேட்டாங்களாம். அப்பாவுக்குக் கண்ணாடி எங்க வச்சார்னு தெரியலையாம், "அப்புறம் கூப்பிடுறேன்"னு வச்சுட்டாராம். பணம் போகல. கார்டு முடக்கியாச்சு, பாஸ்வேர்டு மாத்தியாச்சு. ஆஃப்லைன் ஸ்கேன்ல எதுவும் வரல. ஞாயித்துக்கிழமை ஃபார்மட்.

குமிழ் · 9:53
அந்தக் கண்ணாடிக்கு ஒரு கும்பிடு.

சாலிடரிங்_மணி · 10:05
தம்பி, தேதியைப் பார்த்தீங்களா?

ஜன்னலோரம் · 10:11
பார்த்தேன்ணே. சரியாத்தான் இருக்கு.