உயர்த்தினேன், சிக்னல் படுத்தது

வேதாரண்யத்திலிருந்து:

ஆன்டெனாவை எவ்வளவு உயரத்தில் கட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்றுதான் நானும் வருடக்கணக்காக நம்பிக்கொண்டிருந்தேன். அகத்தியம்பள்ளி உப்பளத்தைத் தாண்டி 9 கிலோமீட்டருக்கு ஒரு 5.8 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் லிங்க் போட்டதில் அந்த நம்பிக்கை போனது.

இந்தப் பக்கம் 24 மீட்டர் டவர். அந்தப் பக்கம் ஸ்டே கம்பி கட்டிய இரும்புக் கம்பம். டிஷ் 19 மீட்டரில். இரண்டுமே 60 சென்டிமீட்டர் டிஷ். நடுவில் மறைக்க ஒன்றுமில்லை, பாத்தி பாத்தியாக உப்புத் தண்ணீர்தான். சிக்னல் பலம் கணக்குப்படி -63 டிபிஎம் வரணும் (மைனஸ் எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் கூடும்); பகலில் -61 வந்தது. இதைவிட என்ன வேண்டும்? ஆனால் நள்ளிரவு தாண்டினால் சரிய ஆரம்பித்து, விடிகாலை நாலு மணிக்கு -80. லிங்க் விழும். வெயில் ஏறினால் தானாக எழுந்துகொள்ளும்.

சானலை மாற்றினேன். உப்புக் காற்றில் கனெக்டர் பச்சை பூத்திருந்தது. அதையும் மாற்றி டேப் சுற்றினேன். பலனில்லை. பவரை ஏற்றலாம் என்றால் விதிப்படியான 4 வாட்டை ஏற்கெனவே தொட்டாகிவிட்டது. சரி, உயரம்தான் பத்தவில்லை என்று 3 மீட்டர் குழாய் சேர்த்து 22க்கு ஏற்றினோம். அன்றிலிருந்து பகலிலும் -76.

வெறுத்துப்போய், கழற்றிவிடுவோம் என்று தம்பியை மேலே ஏற்றினேன். லேப்டாப் திறந்தபடியே இருந்தது. பையன் பாதி வழியில், 14 மீட்டர் பக்கம், கை வலிக்கிறது என்று டிஷ்ஷைக் கிளாம்போடு கம்பத்தில் மாட்டிவிட்டு மூச்சு வாங்கினான். திரையைப் பார்த்தால் -61. "டேய், அதை அங்கேயே முறுக்கு, இறக்காதே!"

அப்புறம்தான் தாளில் போட்டுப் பார்த்தேன். நேராக வரும் அலை ஒன்று, தண்ணீரில் பட்டுத் தெறித்து வரும் அலை ஒன்று. இரண்டு பக்க உயரத்தையும் பெருக்கி, இரட்டித்து, தூரத்தால் வகுத்தால் இரண்டாவது அலை கூடுதலாக நடந்த தூரம் கிடைக்கும். 19 மீட்டரில் அது சுமார் 10 சென்டிமீட்டர். இந்த அதிர்வெண்ணில் அலைநீளம் 5.2, ஆக, கிட்டத்தட்ட இரண்டு முழு அலை. தண்ணீரில் படும்போது அலை தலைகீழாகிவிடுவதால், வித்தியாசம் முழு அலையாக இருந்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு செத்துப்போகும். 14 மீட்டரில் 7.5, ஏறக்குறைய ஒன்றரை அலை, இரண்டும் கைகோத்துக்கொள்ளும். பவரை ஏற்றியிருந்தாலும் இரண்டும் சேர்ந்தேதான் ஏறியிருக்கும்.

இரவில் மட்டும் ஏன்? பகலில் பூமியின் வளைவு இரண்டு உயரத்திலும் ஒரு மீட்டர் சொச்சத்தைத் தின்றுவிடும். இரவில் தரையோடு காற்று குளிர்ந்து அலையைக் கொஞ்சம் அதிகமாகக் கீழே வளைக்கும். தின்ற மீட்டர் திரும்பக் கிடைக்கும். எனக்கு அது வினையாக வந்தது.

போடியிலிருந்து:

அண்ணே, எங்களுக்கு உயரத்துக்குப் பஞ்சமில்லை, மலையே இருக்கு. 13 கிலோமீட்டர் தள்ளி, எங்களைவிட ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்தில் ஒரு ஏலத்தோட்டம். ரசமட்டம் வைத்து டிஷ்ஷை அச்சுப் பிசகாமல் மட்டமாகக் கட்டிவிட்டு, இடமும் வலமுமாகத் திருப்பி ஒரு நாள் முழுக்கத் தேடினேன். -85க்கு மேல் ஏறவே இல்லை. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் கற்றை மொத்தமே 6 பாகை. தோட்டமோ 4 பாகைக்கு மேலே. முக்கியக் கற்றை தோட்டத்துக்குக் கீழே மலைச்சரிவில் போய் முட்ட, நான் கற்றையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறேன். மூக்கைத் தூக்கினதும் -67. மேலே இருக்கிற டிஷ்ஷையும் அதே அளவு குனிய வைக்கணும், மறந்துடாதீங்க.

அது சரி, 14க்கு மேலே மிச்சமிருக்கிற கம்பத்தை என்ன செய்தீங்க?

வேதாரண்யத்திலிருந்து:

உச்சியில் இடிதாங்கி மாட்டியிருக்கேன் தம்பி. குழாய்க்குக் காசு கொடுத்த வீட்டுக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.