லைவ் மைக்ரேஷன் முடிந்ததும் கெஸ்ட்டில் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்': எந்த சிபியு ஃப்ளாகை மறைப்பது?

வர்ச்சுவல்வண்டி:
இரண்டு கேவிஎம் (லினக்ஸின் ஹைப்பர்வைசர், அதாவது மெய்நிகர் கணினிகளை ஓட்டும் அடுக்கு) ஹோஸ்ட்: ஒன்று ஸ்கைலேக் ஸியான், மற்றது அதற்கு அடுத்த தலைமுறையான கேஸ்கேட் லேக் ஸியான். நிர்வாகம் லிப்வர்ட் என்ற மேலாண்மைக் கருவி வழியாக, எல்லா கெஸ்ட்டுக்கும் (ஹோஸ்ட் மேல் ஓடும் மெய்நிகர் கணினி) ஹோஸ்ட்-பாஸ்த்ரூ, அதாவது ஹோஸ்ட்டின் சிபியுவை அப்படியே காட்டும் அமைப்பு. கேஸ்கேட் லேக்கில் பூட் ஆன கெஸ்ட்டை நிறுத்தாமலே ஸ்கைலேக்குக்கு நகர்த்தினால் (லைவ் மைக்ரேஷன்) மைக்ரேஷன் பிழையில்லாமல் முடிகிறது. ஆனால் உள்ளே ஓடும் மெஷின் லேர்னிங் சர்வீஸ் மட்டும் சிக்னல் 4 (புராசஸருக்குத் தெரியாத கட்டளை என்ற பிழை) வாங்கி விழுகிறது. மறுபடி தொடங்கினால் ஓடுகிறது. எதிர்த்திசையில் நகர்த்தினால் தொந்தரவே இல்லை. ஏன்?

பதிவேடு64:
ஏவிஎக்ஸ்-512 (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் வசதி) இரண்டிலும் உண்டு, அதன் விஎன்என்ஐ கட்டளைகள் (நியூரல் நெட்வொர்க் கணக்குகளுக்கானவை) கேஸ்கேட் லேக்கில் மட்டும்தான். அநேகமாக அதுதான் காரணம். உங்கள் சர்வீஸ் தொடங்கும்போது ஒரே ஒருமுறை சிபியுஐடி-யை (புராசஸர் தன் வசதிகளை ஃப்ளாக்குகளாகச் சொல்லும் கட்டளை) கேட்டு, விஎன்என்ஐ இருப்பதைப் பார்த்து அந்தப் பாதையைத் தேர்ந்துகொள்கிறது. நடுவில் புராசஸர் மாறியது அதற்குத் தெரியாது. மறுபடி தொடங்கும்போது புதிதாகக் கேட்கிறது, அதனால் பிழைத்துக்கொள்கிறது.

மைக்ரேஷன் ஏன் தடுக்கவில்லை என்றால், விஎன்என்ஐ-க்கென்று தனி ரெஜிஸ்டர் நிலை கிடையாது. ஏற்கெனவே உள்ள ஏவிஎக்ஸ்-512 ரெஜிஸ்டர்களையே பயன்படுத்துகிறது. எனவே நிலையை மறுபக்கம் ஏற்றும்போது எதுவும் இடிக்காது. ஹோஸ்ட்-பாஸ்த்ரூவில் லிப்வர்ட் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பட்டியலும் இல்லை.

இதைவிடக் கவலை தருவது வேறு. கேஸ்கேட் லேக் 'மெல்ட்டவுன் (கெர்னல் நினைவகத்தைக் கசியவிடும் புராசஸர் ஓட்டை) எனக்கில்லை' என்று கெஸ்ட்டிடம் சொல்கிறது. கெஸ்ட் கெர்னல் பூட் நேரத்தில் அதை நம்பி, மெல்ட்டவுனுக்கான தடுப்பான பேஜ் டேபிள் பிரிப்பை அணைத்துவிடும். பிறகு ஸ்கைலேக்குக்குப் போனாலும் அது அணைந்தேதான் இருக்கும். சர்வீஸ் விழுந்ததாவது கண்ணில் பட்டது, இது படாது.

செய்ய வேண்டியது: இரண்டு ஹோஸ்ட்டிலும் 'விர்ஷ் டாம்கேப்பபிலிட்டிஸ்' ஓட்டி, இரண்டு வெளியீட்டையும் ஒரே கோப்பில் சேர்த்து, 'விர்ஷ் ஹைப்பர்வைசர்-சிபியு-பேஸ்லைன்' கட்டளைக்குக் கொடுங்கள், மைக்ரேட்டபிள் ஆப்ஷனோடு. வருகிற பொதுவான சிபியு விவரத்தைக் கெஸ்ட்டின் எக்ஸ்எம்எல் அமைப்பு விவரத்தில் கஸ்டம் மோடில் (சிபியு மாடலை நாமே குறிப்பிடும் முறை) ஒட்டுங்கள். ஹோஸ்ட்டுக்கு நெருங்கிய மாடலை லிப்வர்ட்டே தேர்ந்தெடுக்கும் ஹோஸ்ட்-மாடல் போதுமே என்று தோன்றும். ஆனால் அது கெஸ்ட் எந்த ஹோஸ்ட்டில் தொடங்குகிறதோ அதன்படி விரியும். கேஸ்கேட் லேக்கில் தொடங்கியதை ஸ்கைலேக் ஏற்க மறுக்கும். விபத்து இராது, நகர்வும் இராது.

ரிங்மைனஸ்1:
மேலே சொன்னது சரி. ஒன்று கூடுதலாக: ஃப்ளாகை மறைப்பது பெயர்ப்பலகையைக் கழற்றுவது மாதிரிதான், கதவைப் பூட்டுவது அல்ல. கெஸ்ட் சிபியுஐடி-யைக் கேட்டால் அது ஹைப்பர்வைசரிடம் போய் நிற்கும், அதனால் பதிலை மாற்றலாம். ஆனால் விஎன்என்ஐ, ஏஇஎஸ் (குறியாக்கம்), பாப்கவுண்ட் (பிட் எண்ணுதல்) போன்ற கட்டளைகளைத் தனியாக மறிக்க வன்பொருளில் வழியில்லை. கேட்காமலே ஓட்டும் நிரலில், மறைத்த பிறகும் கேஸ்கேட் லேக்கில் அவை ஓடும். மொத்த ஏவிஎக்ஸ்-512-ஐ நிஜமாகவே பூட்டலாம்: எந்த ரெஜிஸ்டர் தொகுதிகள் இயங்கலாம் என்று சொல்லும் எக்ஸ்சிஆர்0-வில் அதற்கான பிட்களை கெஸ்ட் இயக்க கேவிஎம் விடாது.

எக்ஸ்எம்எல்-இல் ஒவ்வொரு ஃப்ளாகுக்கும் எழுதும் பாலிசி சொற்களில் பலர் வழுக்குகிறார்கள். 'டிஸேபிள்' என்றால் கெஸ்ட்டுக்குக் காட்டாதே. 'ஃபர்பிட்' என்றால் ஹோஸ்ட்டில் அந்த வசதி இருந்தாலே கெஸ்ட்டைத் தொடங்காதே. 'ஃபோர்ஸ்' ஹோஸ்ட்டில் இல்லாததையும் இருப்பதாகக் காட்டும், தொடாதீர்கள்.

வர்ச்சுவல்வண்டி:
பேஸ்லைனை விட்டுவிட்டு ஸ்கைலேக்-சர்வர்-ஐபிஆர்எஸ் மாடலை நானே எழுதினேன். எச்எல்இ, ஆர்டிஎம் என்ற ஃப்ளாக்குகள் ஹோஸ்ட்டில் இல்லை என்று கெஸ்ட் தொடங்க மறுக்கிறது. ஸ்கைலேக்கில் அவை உண்டே?

பதிவேடு64:
சிலிக்கனில் உண்டு. பாதுகாப்புக் காரணத்துக்காக கெர்னலோ மைக்ரோகோடோ (புராசஸரின் உள் மென்பொருள்) டிஎஸ்எக்ஸ்-ஐ (அந்த இரண்டும் சேர்ந்த வசதி) அணைத்திருக்கும். மாடலை ஸ்கைலேக்-சர்வர்-நோடிஎஸ்எக்ஸ்-ஐபிஆர்எஸ் என்று மாற்றுங்கள். கூடவே எஸ்எஸ்பிடி, எம்டி-கிளியர் (புராசஸர் ஓட்டைகளுக்கான தடுப்பு ஃப்ளாக்குகள்) இரண்டையும் 'ரிக்வயர்' (கட்டாயம் வேண்டும்) என்று சேருங்கள். மாடலில் இவை தானாக வராது, இல்லையென்றால் கெஸ்ட்டுக்குள் தடுப்புகள் அரைகுறையாக நிற்கும். எக்ஸ்எம்எல்-இல் சிபியுவின் செக் பண்பை 'ஃபுல்' ஆக்கினால், கேட்டதற்கும் கெமு (கெஸ்ட்டை உண்மையில் ஓட்டும் நிரல்) கொடுத்ததற்கும் ஒரு ஃப்ளாக் வேறுபட்டாலும் கெஸ்ட் தொடங்காது.

கெஸ்ட்டுக்குள் ரீபூட் செய்தால் பழைய கெமு புராசஸே தொடரும், மாற்றம் வராது. முழுதாக ஷட்டவுன் செய்து மறுபடி தொடங்குங்கள். பிறகு கெஸ்ட்டின் சிபியுஇன்ஃபோ கோப்பில் (லினக்ஸ் காணும் ஃப்ளாக்குகளின் பட்டியல்) விஎன்என்ஐ-யைத் தேடுங்கள். லினக்ஸ் அதை ஏவிஎக்ஸ்512, அடிக்கோடு, விஎன்என்ஐ என்று எழுதும்; லிப்வர்ட்டில் அடிக்கோடு இல்லை. எக்ஸ்எம்எல்-இல் உள்ள பெயரை அப்படியே கிரெப் கட்டளையால் தேடி 'போய்விட்டது' என்று மகிழ்ந்துவிடாதீர்கள்.

ரிங்மைனஸ்1:
கெஸ்ட்டுக்குள் இன்னொரு கேவிஎம் ஓட்டுகிறீர்களா? அதற்குத் தேவையான விஎம்எக்ஸ் (இன்டெல்லின் மெய்நிகராக்க வசதி) ஹோஸ்ட்-பாஸ்த்ரூவில் சேர்ந்தே வந்திருக்கும். கையால் எழுதிய மாடலில் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். நகரவே நகராத கெஸ்ட் ஏதாவது இருந்தால் அதை மட்டும் பாஸ்த்ரூவிலேயே விடுங்கள். விஎன்என்ஐ-யை அங்கே வீணாக்க வேண்டாம்.