கவாஜாவின் காலணி: விதியா, பாரபட்சமா?

கேள்வி: 2023 டிசம்பரில் பெர்த் டெஸ்டில், காசா மக்களை மனத்தில் கொண்டு, ‘எல்லா உயிர்களும் சமம்’ என்று காலணியில் எழுதி ஆட விரும்பிய ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் உஸ்மான் கவாஜாவைச் சர்வதேச கிரிக்கெட் பேரவையான ஐசிசி தடுத்தது. எந்த நாட்டையும் பெயர் சொல்லாத ஒரு வரி எப்படி அரசியலாகும்?

மறுமொழி 1: உடையிலும் உபகரணத்திலும் அரசியல், மத, இன நோக்கமுள்ள வாசகங்களுக்கு ஐசிசி விதிகள் இடம் தருவதில்லை. ஒருவருக்கு விலக்கு அளித்தால், நாளை வெறுப்பைப் பரப்பும் வாசகத்தோடு வருபவரை எந்த அடிப்படையில் தடுப்பது? செய்தியாளர்களிடம் பேச அவருக்குத் தடை இருக்கவில்லையே.

மறுமொழி 2: நண்பரின் வாதத்தை ஏற்க இயலவில்லை. 2020 ஜூலையில் சவுத்தாம்ப்டனில் இங்கிலாந்து, மேற்கிந்தியத் தீவுகள் வீரர்கள் கறுப்பின உயிர்களுக்கான இயக்கத்தின் சின்னத்தைச் சட்டைக் காலரில் அணிந்து ஆட இதே ஐசிசி அனுமதித்தது. கவாஜாவோ எழுத்தின்மேல் நாடா ஒட்டி மறைத்து, கையில் கறுப்புப் பட்டை அணிந்து ஆடியதற்கே கண்டிக்கப்பட்டார். ஆளுக்கொரு நியாயம் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

மறுமொழி 3: 2003 உலகக் கோப்பையில், ஹராரே மைதானத்தில், ஜிம்பாப்வேயில் ஜனநாயகம் மாண்டதற்குத் துக்கம் தெரிவித்துக் கறுப்புப் பட்டை அணிந்த அந்நாட்டு வீரர்கள் ஆண்டி ஃபிளவரும் ஹென்றி ஒலாங்காவும் அந்தத் தொடருக்குப் பிறகு தாய்நாட்டுக்காக ஆடவே இல்லை, ஒலாங்கா கொலை மிரட்டலுக்கு அஞ்சி நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. அவர்களோடு ஒப்பிட்டால் கவாஜா பெற்ற கண்டனம் சிறிதுதான், ஆனாலும் அது தேவையற்றது.