சாம்பிள் எடுக்கப் போன இடத்தில் கரையில் கேட்டவை

ஏரிக்கரையான்:

தண்ணீரின் தரம் பார்க்க ஆறு, ஏரி, குளம் என்று மீட்டரும் பாட்டிலுமாக அலைகிறவர்கள் இங்கே கொஞ்சம் பேர் இருக்கிறோம். ரிப்போர்ட்டில் எழுதுவதெல்லாம் வேண்டாம். கரையில் நின்ற யாரோ ஒருவர் சொன்ன ஒரு வார்த்தையால் நீங்கள் வேலை செய்யும் விதமே மாறியிருக்குமே, அதைச் சொல்லுங்கள். முதலில் நான்.

சென்னைக்குத் தெற்கே, சுற்றிலும் வீடு முளைத்துவிட்ட ஒரு ஏரி. தண்ணீர் முழுக்கப் பாசிப் பச்சை. மதியம் மூன்று மணிக்கு மீட்டரை இறக்கினால் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 13 மில்லிகிராம்! 30 டிகிரி தண்ணீரில் காற்றிலிருந்து கரையக்கூடியதே ஏழரைதான். குளிக்கத் தகுந்த நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்பது 5. அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் ஏரி பிரமாதம். pH (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், 7 நடுநிலை) மட்டும் 9-ஐத் தாண்டி நின்று கொஞ்சம் உறுத்தியது.

தெர்மாகோல் மிதவையில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கிட்டே வந்தார். "இந்நேரத்துக்கு வந்து என்ன சார் பாக்கப் போறீங்க? விடியக்காலம் அஞ்சு மணிக்கு வாங்க. ஜிலேபி மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும்."

போனேன். அவர் சொன்னபடியே நின்றன. மீட்டர் 1-ஐக்கூடத் தொடவில்லை. பகலில் ஆக்சிஜனைக் கொட்டுகிற அதே பாசி, இரவில் சுவாசித்து அதைத் தின்றுவிடுகிறது. அடியில் மக்கும் சாக்கடைக் கழிவுக்கும் பங்கு போக, விடியலில் மீனுக்கு மிச்சமில்லை. பகலில் pH ஏறுவதும் பாசியால்தான். கார்பன் டை ஆக்சைடை அது உறிஞ்சிக்கொள்கிறது. pH ஏறினால் தண்ணீரில் இருக்கும் அம்மோனியா மீனைக் கொல்லும் வடிவத்துக்கு மாறும். ஆக மீனுக்குப் பகலில் ஒரு கண்டம், ராத்திரியில் இன்னொன்று. மதியம் ஒரு தரம் எட்டிப் பார்த்து எடுத்த ஆக்சிஜன் அளவை வைத்து யாராவது ஏரிக்கு நற்சான்றிதழ் கொடுத்தால் நான் நம்புவதில்லை.

டைட்ரேஷன் அக்கா:

எனக்கு மீட்டரைவிட, ரசாயனம் விட்டு ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறைதான் பிடிக்கும். 1888-லிருந்து இருக்கிறது, பேட்டரி தீராது. ஆனால் ஊசியும் பாட்டிலுமாகக் கரையில் உட்கார்ந்தால் கூட்டம் கூடிவிடும். ஒரு கிராமத்து ஏரியில் பைக்கில் வந்த நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு, "ஏரியில என்னம்மா கலக்குற?" என்று சத்தம் போட்டார்கள். கேட்டதில் தப்பே இல்லை, கையில் இருந்தது அசைடு என்ற நச்சு ரசாயனமும் கந்தக அமிலமும்.

அதிகமாகச் சத்தம் போட்டவரையே பக்கத்தில் உட்காரவைத்தேன். மேல்தண்ணீர் ஒரு பாட்டில், அடித்தண்ணீர் ஒரு பாட்டில். இரண்டிலும் காற்றுக்குமிழ் நிற்கக்கூடாது. மாங்கனீஸ் சல்பேட்டும் காரக் கரைசலும் விட்டு மூடிக் குலுக்கினோம். மேல்தண்ணீரில் பழுப்பு நிறத்தில் படிவு இறங்கியது. அடித்தண்ணீரில் வெள்ளையாகவே நின்றது. வெள்ளை என்றால் அங்கே ஆக்சிஜன் இல்லை என்று அர்த்தம். அவர் இரண்டையும் வெயிலில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அப்புறம், "எங்க மதகுப் பக்கமும் ஒண்ணு எடுங்கக்கா" என்றார். அமிலத்தில் படிவைக் கரைத்து, மாவுக்கரைசல் விட்டு நீலம் மறையும் வரை தயோசல்பேட் சொட்டியதை எண்ணியதும் அவர்தான். எத்தனை சொட்டு என்பதை வைத்துத்தான் ஆக்சிஜன் அளவு.

கழிவு எல்லாவற்றையும் கேனில் ஊற்றித் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். அவர்கள் கண்ணெதிரே செய்தால் இன்னும் நல்லது.

பொருநைவாசி:

நமக்கு ரசாயனம் ஆகாது, பூச்சி பார்க்கிற ஆள். தாமிரபரணியில் பாபநாசத்துக்கு மேலே கல்லைப் புரட்டினால் அடியில் தட்டையாக ஒட்டிக்கொண்டு மூன்று வாலோடு மேஃப்ளை இளம்பூச்சிகள் ஓடும். மணலை ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும் கேடிஸ் புழு இருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் முதலில் காணாமல் போவது இவைதான். சாக்கடை கலந்த இடங்களில் சேற்றைச் சலித்தால் சிவப்புப் புழு நெளியும். அதன் உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் மூச்சுத் திணறும் தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும். மீட்டர் சொல்வது அந்த நிமிஷத்துக் கதை. பூச்சி அங்கேயே பல மாதம் குடியிருப்பது, முந்தின வாரம் ராத்திரியில் திறந்துவிட்ட கழிவையும் அது காட்டிக்கொடுக்கும்.

படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி ரொம்ப நேரம் என்னையே பார்த்துவிட்டு, "ஏ தம்பி, கல்லுக்கடியில என்னத்தத் தேடுதிய?" என்றார். விவரம் சொன்னேன். "அதுக்கு எதுக்குப் பூச்சி? கல்லு காலை வழுக்குச்சுன்னா தண்ணி கெட்டுப்போச்சுல்லா" என்றார். உண்மைதான். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடினால் கல்மேல் பாசிப் படலம் தடித்துவிடும். இப்போது ஒவ்வொரு இடத்திலும் கல் வழுக்கலையும் ஒரு வரி எழுதி வைக்கிறேன். (பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விட்டுப்போகிற துணிகளையும் எழுத ஆரம்பித்தால் நோட்டு பத்தாது.)

நொய்யல் டீச்சர்:

நொய்யல் ஆற்றில் எங்கள் பிள்ளைகளுக்கு டி.டி.எஸ். பேனா (தண்ணீரில் கரைந்த உப்பை எண்ணாகக் காட்டும் சின்னக் கருவி) ஒன்றே போதும். சாயப்பட்டறைகளில் சாயம் துணியில் பிடிக்கச் சாதா உப்போ கிளாபர் உப்போ (சோடியம் சல்பேட்) கொட்டுவார்கள். நிறத்தை எடுத்துவிட்டாலும் உப்பு தண்ணீரிலேயே நிற்கும், பாக்டீரியா அதைத் தின்னாது. சென்னிமலைப் பக்கம் 1992-இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகிப்போனது அப்படித்தான். 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது பலருக்கு நினைவிருக்கும்.

ஒரு தோட்டத்துக் கிணற்றில் பிள்ளைகள் பேனாவை விட்டதும், தோட்டத்துக்காரர், "ஏனுங் டீச்சர், அந்தப் பேனா சொல்லித்தான் தெரியோணுங்களா? வாயில வெச்சுப் பாருங்க" என்று ஒரு வாய் குடித்துத் துப்பினார். அங்கேயே வேறு ஒரு கேள்வியும் கேட்டார்: "மழை வந்தா ஆத்துல நம்பரு கொறையுதே, அப்ப உப்பு போயிருச்சுங்களா?"

இதற்கு விடை சொல்ல எலுமிச்சம்பழம் வாங்கினோம். ஆற்றில் 10 மீட்டர் அளந்து, பழத்தை விட்டு, எத்தனை நொடியில் போகிறது என்று பார்த்தோம். மேல்தண்ணீர் வேகமாக ஓடும் என்பதால் கிடைத்த வேகத்தை 0.85-ஆல் பெருக்கினோம். அதோடு அகலம், ஆழம் பெருக்கினால் நொடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வந்துவிடும். மழைக்குப் பிறகு உப்பின் அளவு பாதியாகி, ஓட்டம் நாலு மடங்கானால், ஆறு சுமந்துபோகும் மொத்த உப்பு இரண்டு மடங்கு. பிள்ளைகள் இதைக் கரும்பலகையில் போட்டபோது புரியவில்லை, எலுமிச்சம்பழத்தோடு ஓடியபோது புரிந்தது.

மலையேறி:

சின்னதாக ஒன்று. கொடைக்கானல் ஏரியில் செக்கி தட்டு (எவ்வளவு ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்துத் தண்ணீரின் தெளிவை அளக்கும் தட்டு) இறக்கும்போது படகுக்காரர் துறைப் பக்கம் வேண்டாம் என்று தடுத்து நடு ஏரிக்குக் கூட்டிப்போனார். மிதிபடகுகள் அடிச்சேற்றைக் கலக்கிவிடுமாம், தட்டு சீக்கிரமே மறைந்துவிடும். வெயில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படகின் நிழல் பக்கமாக இறக்குங்கள்.

ஏரிக்கரையான், உங்கள் ஏழரைக் கணக்கு சமவெளிக்கு. கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேலே இருப்பதால் காற்றழுத்தம் குறைவு, கரைவதும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். 20 டிகிரியில் சென்னையில் 9 காட்ட வேண்டிய மீட்டர் அங்கே 7 காட்டினால் மீட்டர் பழுதில்லை, ஏரியும் பழுதில்லை. அழுத்தத்தை மாற்றிப் போட்டு அளவுதிருத்தம் செய்துவிட்டு இறக்குங்கள்.