எக்ஸ்போர்ட் பாதியில் திரை கறுத்துவிடுகிறது: டிரைவரா, கிராபிக்ஸ் கார்டா?

முகூர்த்த எடிட்டர்:
கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். ஒரு வாரமாக எக்ஸ்போர்ட் போட்டால் பாதியில் திரை அப்படியே நின்றுவிடுகிறது. மவுஸ் அசையாது. சில நொடி கறுத்து, டெஸ்க்டாப் திரும்ப வரும். எடிட்டிங் சாஃப்ட்வேர் மட்டும் மூடிக் கிடக்கும். நேற்று சரியாகத் தாலி கட்டும் இடத்தில் நின்றது. அபசகுனம் என்கிறார் அம்மா. மற்ற வேலைக்கெல்லாம் நன்றாகவே ஓடுகிறது. விண்டோஸ் 11, 32 ஜிபி ரேம், 650 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), செகண்ட் ஹேண்டில் வாங்கிய கிராபிக்ஸ் கார்டு. கடையில் வழக்கம்போல "ஃபார்மட் போட்டுடலாம்" என்கிறார்கள். சனிக்கிழமை வீடியோ கொடுத்தாக வேண்டும்.

நடுராத்திரி கேமர்:
ஃபார்மட் எதற்கு? விண்டோஸ் கோளாறுகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் பகுதியில், அந்த நேரத்துக்கு 4101 என்ற எண் விழுந்திருக்கிறதா பாருங்கள். கார்டு 2 நொடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் சாஃப்ட்வேரை, நிறுத்தி மறுபடி கிளப்பும். நீங்கள் பார்க்கும் கறுப்பு அதுதான். இருந்தால் சேஃப் மோடில் போய் டிடியூ (டிரைவரை முழுதாக நீக்கும் சாஃப்ட்வேர்) வைத்துப் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். நெட் கேபிளைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட் நடுவில் புகுந்து தானே ஒன்றைப் போட்டுவிடும். ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 நொடியைக் கூட்டச் சொல்வார்கள். இப்போதைக்குத் தொடாதீர்கள், கோளாறு எதுவென்றே தெரியாமல் போகும்.

முகூர்த்த எடிட்டர்:
4101 வரிசையாக 11 இருக்கிறது. டிடியூ போட்டுப் புது டிரைவர், பழைய டிரைவர் இரண்டும் பார்த்தாச்சு. மாற்றமில்லை. சூடு 71 டிகிரிதான்.

சால்டரிங் சாமி:
71 என்றால் சூட்டை விடுங்கள். லோடு ஏறும்போது மட்டும் விழுகிறது, அதனால் கரண்ட் பக்கம் போவோம். ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேரில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதமாக இறக்கி அதே எக்ஸ்போர்ட்டை ஓட்டுங்கள். அப்புறம் கேபினெட்டைத் திறங்கள். கார்டில் இரண்டு 8 பின் சாக்கெட் இருந்து, ஒரே கேபிளின் முனையில் இரண்டு ப்ளக்காகப் பிரியும் இரட்டை வாலைச் செருகியிருக்கிறீர்களா? ஒரு 8 பின்னுக்கு 150 வாட் கணக்கு, அப்படிச் செருகினால் இரண்டின் சுமையும் ஒரே கேபிளில் ஏறும். ப்ளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள்.

முகூர்த்த எடிட்டர்:
70-இல் 47 நிமிட எக்ஸ்போர்ட் தாலி, மெட்டி எல்லாம் தாண்டி முடிந்தது! உள்ளே பார்த்தால் அதே இரட்டை வால். இரண்டாவது ப்ளக்கின் ஓரத்து ஓட்டை பழுப்பேறி, பிளாஸ்டிக் லேசாக இளகியிருக்கிறது. மாட்டியது நான்தான், கடைக்காரரைத் திட்ட வழியில்லை. நண்பரிடம் வேறு கம்பெனி கேபிள் சும்மா கிடக்கிறது, போடலாமா?

சால்டரிங் சாமி:
ஐயையோ, வேண்டாம்! எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சில சமயம் மாடலுக்கு மாடலும் மாறும். ப்ளக் பொருந்திவிடும், கார்டு போய்விடும். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிள்தான்.

முகூர்த்த எடிட்டர்:
பரணில் டப்பா கிடைத்தது, உள்ளே பிரிக்காத கேபிள் இரண்டு. தனித்தனியாக மாட்டி லிமிட்டை 100-க்கு ஏற்றிவிட்டேன். கார்டின் சாக்கெட் கருகவில்லை, நல்லவேளை. இரண்டு முழு எக்ஸ்போர்ட் போய்விட்டது, மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது பந்தி.