பவுண்டரியில் பிளான்ட் ஹெட், வயது 46. பகுதிநேர டிபிஏ (வணிக நிர்வாகத்தில் முனைவர் பட்டம்) சேரலாமா?

நொய்யல்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கோவை மலுமிச்சம்பட்டிப் பக்கம் ஒரு பவுண்டரியில் (இரும்பு வார்ப்பாலையில்) பிளான்ட் ஹெட்டாக இருக்கிறேன். மெக்கானிக்கல் பி.இ. முடித்து, வேலையில் இருந்துகொண்டே தொலைதூரக் கல்வியில் எம்பிஏ படித்தேன். பம்ப் பாடியும் டிராக்டர் உதிரிகளும் வார்க்கிறோம். மொத்தம் 22 வருட அனுபவம், இந்தப் பதவியில் 6 வருடம்.

2021ல் ரிஜெக்‌ஷனை, அதாவது குறையோடு வந்து ஒதுக்கப்படும் வார்ப்புகளை, குறைக்கப் பெரிய முயற்சி எடுத்தோம். வார்ப்பு அச்சு செய்யும் மணலின் ஈரப்பதத்தை மணிக்கு ஒரு தடவை பார்த்து போர்டில் எழுதுவது, ஷிஃப்ட் மாறும்போது பத்து நிமிடம் நின்று பேசுவது, இப்படிச் சின்னச் சின்ன வேலைகள்தான். 9 சதவீதமாக இருந்த ரிஜெக்‌ஷன் எட்டு மாதத்தில் நாலரைக்கு இறங்கியது. முதலாளி எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். அடுத்த தீபாவளிக்குள் திரும்ப 8க்குப் போய்விட்டது. ஆட்கள் மாறவில்லை, மெஷின் மாறவில்லை, மணல் வருகிற இடமும் மாறவில்லை. மறுபடி முயற்சி எடுத்தோம், இறங்கியது. மறுபடி ஏறியது. பக்கத்து யூனிட்டுகளில் விசாரித்தால் அங்கேயும் இதே கதைதான். சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998லேயே தர மேலாண்மைக்கான டெமிங் பரிசு வாங்கியது, இந்தியாவில் அதுதான் முதல். அதே தமிழ்நாட்டில், 200 பேர் வேலை செய்யும் எங்கள் இடத்தில் ஒரு நல்ல பழக்கம் ஏன் ஒரு வருடம்கூட நிற்க மாட்டேன் என்கிறது?

இதை முறையாக ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. அதற்குத்தான் டிபிஏ யோசனை. போனில் தினமும் விளம்பரம் வருகிறது, யாரை நம்புவது என்று தெரியவில்லை. வெளிநாட்டு டிபிஏ நல்லதா, இங்கேயே பகுதிநேர பிஎச்டி நல்லதா? நம் ஊரில் செல்லுமா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்? மகள் பிளஸ் டூ படிக்கிறாள். "சேர்வதென்றால் சேருங்கள், பாதியில் மட்டும் விடாதீர்கள்" என்று மனைவி சொல்லிவிட்டார்.

பழைய வாத்தியார்:

தம்பி, நான் மேலாண்மைத் துறையில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அங்கீகாரம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பின்னாளில் கல்லூரியில் முழுநேரம் பாடம் நடத்தும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் பிஎச்டிதான் பாதுகாப்பு. யுஜிசியின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் பகுதிநேர பிஎச்டியை அனுமதிக்கின்றன. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்றும் வேண்டும். படிக்க நேரம் கிடைக்கும், கோர்ஸ் ஒர்க்குக்கு (பிஎச்டியில் படித்து முடிக்க வேண்டிய பாடங்களுக்கு) தேவைப்பட்டால் விடுவிப்போம் என்று நிறுவனம் அதில் எழுதித் தர வேண்டும். குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம், மறுபதிவு செய்தால் இன்னும் 2 வருடம். ஆன்லைனிலோ தொலைதூரக் கல்வியிலோ பிஎச்டி கிடையாது, யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். உங்கள் எம்பிஏ தொலைதூரம் என்கிறீர்கள். அந்த வருடத்தில் அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தொலைதூரப் படிப்பு நடத்த அனுமதி இருந்ததைக் காட்டும் தாளை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

ஆய்வு வழிகாட்டியாக இருக்கப்போகும் பேராசிரியரைப் பார்க்கும்போது அவர் ஓய்வு பெறும் தேதியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பணி ஓய்வுக்கு 3 வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிய மாணவரை எடுக்க விதி இடம் தரவில்லை.

உங்களைப் போன்றவர்களுக்கென்றே நம் நாட்டில் சில படிப்புகள் இருக்கின்றன. ஐஐஎம் லக்னோ, எக்ஸ்எல்ஆர்ஐ, ஐஎஸ்பி ஆகியவற்றில் ஈஎஃப்பிஎம் (வேலையில் இருக்கும் அதிகாரிகளுக்கான முனைவர் நிலைப் படிப்பு), ஐஐஎம் கோழிக்கோட்டில் வேலையில் இருப்பவர்களுக்கான பிஎச்டி. முடிவில் கையில் கிடைப்பது பிஎச்டி பட்டமா, 'ஃபெல்லோ' என்ற தகுதியா என்பது இடத்துக்கு இடம் மாறும். 2017ஆம் ஆண்டு ஐஐஎம் சட்டம் வந்த பிறகுதான் ஐஐஎம்களுக்கே பட்டம் வழங்கும் உரிமை கிடைத்தது. சேரும் முன் இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னை ஐஐடியின் மேலாண்மைத் துறையையும் கேட்டுப் பாருங்கள், அங்கே வேலையில் இருந்தபடியே பிஎச்டிக்குப் பதிவு செய்ய வழி உண்டு.

வெளிநாட்டு டிபிஏ என்றால், அந்த நாட்டு அரசு அந்தப் பல்கலைக்கழகத்துக்கு முனைவர் பட்டம் தரும் அதிகாரம் கொடுத்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. மேலாண்மைப் படிப்புகளுக்குச் சர்வதேச அளவில் தரப்படும் ஏஏசிஎஸ்பி, ஈக்விஸ், ஆம்பா அங்கீகாரமெல்லாம் அதற்கு அப்புறம்தான். இங்கிலாந்தில் டிபிஏவும் பிஎச்டியும் ஒரே நிலைப் பட்டங்கள். அதை வைத்து இங்கே அரசு வேலையோ கல்லூரி வேலையோ கேட்கும்போதுதான் சிக்கல் வரும்.

வைகைத் தென்கரை:

சார், விளம்பரம் வருகிறது என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அப்படி ஒரு விளம்பரத்தை நம்பித்தான் நானும் சேர்ந்தேன். 18 மாதத்தில் டாக்டர் ஆகலாம் என்றார்கள். நாலரை லட்சம், மூன்று தவணை. ஆய்வுத் தலைப்பை அவர்களே கொடுத்தார்கள். வழிகாட்டி என்று ஒருவரை இரண்டு தடவை ஜூமில் பார்த்தேன், அவ்வளவுதான். வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து ஆன்லைன் பிஎச்டி தருவதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்பாதீர்கள் என்று யுஜிசியும் ஏஐசிடிஇயும் 2022 அக்டோபரில் எச்சரித்தபோது நான் இரண்டாம் தவணையும் கட்டி முடித்திருந்தேன். இது டிபிஏதான், பிஎச்டி இல்லை, உங்களுக்கு அது பொருந்தாது என்று சமாதானம் சொன்னார்கள். நட்சத்திர ஹோட்டலில் அங்கி போட்டுப் பட்டம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த நாட்டுக் கல்வித் துறையின் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடினேன். இல்லை.

வீட்டு வாசலில் மாட்டியிருந்த பெயர்ப்பலகையை நானே கழற்றினேன். அப்பா உயிரோடு இருந்தார், ஏன் கழற்றுகிறாய் என்று கேட்டார். இன்னொருவருக்கு அந்த நிலைமை வரக்கூடாது. பணம் கட்டும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

அடையாறு அதிகாலை:

சார், நான் 2015ல் சேர்ந்து 2020ல் டிபிஏ முடித்தவள். சேரும்போது 43 வயது, சென்னையில் ஒரு லாஜிஸ்டிக்ஸ் நிறுவனத்தின் கிடங்குகளுக்கெல்லாம் பொறுப்பு. இங்கிலாந்துப் பல்கலைக்கழகம், வருடத்துக்கு இரண்டு தடவை ஒரு வாரம் நேரில் போக வேண்டும். முதல் இரண்டு வருடம் வகுப்புகளும் கட்டுரைகளும், அடுத்த மூன்று வருடம் ஆய்வேடு. கட்டணம், விமானம், தங்குமிடம் எல்லாம் சேர்த்து எனக்கு 34 லட்சம் ஆனது. அலுவலகம் பாதி தருவதாகச் சொன்னது, முடித்த பிறகு 3 வருடம் விலகக் கூடாது என்று பாண்ட் கேட்டது. நான் கையெழுத்துப் போடாமல் என் சேமிப்பிலிருந்தே கட்டினேன். அது எவ்வளவு நல்லது என்று கடைசி அத்தியாயம் எழுதும்போது புரிந்தது, நிர்வாகத்துக்குப் பிடிக்காத ஒரு முடிவை அதில் எழுத வேண்டியிருந்தது.

நேரம் கேட்டிருந்தீர்கள். வாரத்துக்கு 15 மணி நேரம். அதிகாலை 4.15 முதல் 6.15 வரை சாப்பாட்டு மேசையில், ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை. இரவில் படிக்கலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள், பிளான்டிலிருந்து போன் வராத இரவு உங்களுக்கு உண்டா? மார்ச் மாதம் கணக்கு முடிக்கும் நேரத்தில் ஒரு வரிகூட எழுத முடியாது, அதையும் முன்கூட்டியே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். மகளின் தேர்வு முடிந்த பிறகு சேர்வது நல்லது. என் மகன் பத்தாம் வகுப்பு படித்த வருடம் நான் இரண்டு வாரம் ஊரில் இல்லை. அவன் நன்றாகத்தான் எழுதினான். ஆனாலும் அந்த இரண்டு வாரம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அது நல்ல கேள்வி, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், இதை உங்களுக்கு முன்பே கேட்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த ரெபென்னிங், ஸ்டெர்மன் இருவரும் 2001ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆர்டர் நெருக்கடி வந்தால் ஆட்கள் முதலில் கைவிடுவது பராமரிப்பையும் முன்னேற்ற வேலைகளையும்தான். அதனால் அந்த வாரம் உற்பத்தி கூடும், எல்லோருக்கும் நல்லதாகவே தெரியும். கெடுதல் மெதுவாக, சில மாதம் கழித்துத்தான் வரும். அதற்குள் எதனால் கெட்டது என்பது யாருக்கும் நினைவிருக்காது. வராமல் தடுத்த பிரச்சினைக்கு யாரும் யாரையும் பாராட்டுவதில்லை என்பது அவர்கள் வாதம். படித்துப் பாருங்கள். உங்கள் பவுண்டரியில் நடந்ததில் எவ்வளவு இதற்குள் அடங்குகிறது, எது அடங்காமல் வெளியே நிற்கிறது என்று பாருங்கள். அடங்காமல் நிற்பதுதான் உங்கள் ஆய்வு.

நம்மைப் போன்ற மேனேஜர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான் சார். பிரச்சினையைப் பார்த்ததும் தீர்வு சொல்லியே இருபது வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறோம். நான் முதலில் கொடுத்த ஆய்வுத் திட்டம் 20 பக்கம். என் வழிகாட்டி ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி எழுதி அனுப்பினார்: "பதில் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, பிறகு எதற்கு இந்த ஆய்வு?" இரண்டு நாள் கோபம். மூன்றாம் நாள் திரும்பப் படித்தேன். அவர் சொன்னது சரிதான். 20 பக்கமும் போர்டு மீட்டிங்குக்குப் போடும் ஸ்லைடு மாதிரியே இருந்தது.

நொய்யல்கரை:

மேடம், ஐயா, மதுரைச் சார், மூவருக்கும் நன்றி. அந்தக் கட்டுரை கிடைத்தது, இரண்டு தடவை படித்துவிட்டேன். ஆர்டர் நெருக்கடி எங்களுக்கும் உண்டு, ஆனால் ஆர்டர் குறைவாக இருந்த மாதங்களிலும் ரிஜெக்‌ஷன் ஏறியிருக்கிறது. அது மட்டும் அதில் பொருந்தவில்லை.

இன்னொரு சந்தேகம். தகவலுக்கு என் ஆட்களிடமே பேட்டி எடுத்தால் போதுமா? எல்லோரும் தெரிந்தவர்கள், ஒளிவு மறைவில்லாமல் பேசுவார்கள்.

அடையாறு அதிகாலை:

பேசமாட்டார்கள் சார். உங்களிடம் பேசமாட்டார்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

கிடங்கில் எந்தப் பொருள் எந்த ரேக்கில் இருக்கிறது என்று காட்ட ஒரு பெரிய மென்பொருள் வாங்கியிருந்தோம். ஆட்கள் ஏன் ஸ்கேன் செய்யாமல் விடுகிறார்கள் என்பதுதான் என் ஆய்வுக் கேள்வி. எங்கள் சொந்தக் கிடங்கில் 9 பேரிடம் பேசினேன். 9 பேரும் "நல்லா இருக்கு மேடம், பழகிட்டோம்" என்றார்கள். ஒரு பேட்டிகூடப் பன்னிரண்டு நிமிடம் தாண்டவில்லை. இதற்கு முன்பே பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு என் விண்ணப்பத்தை இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தது. சம்பள உயர்வுக்குக் கையெழுத்துப் போடுபவர் கேள்வி கேட்டால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். அப்போது அதை வெறும் தாள் வேலை என்று நினைத்துவிட்டேன்.

பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேறொரு நிறுவனத்தின் கிடங்கில் அனுமதி வாங்கினேன். அங்கே நான் யாருக்கும் மேடம் இல்லை, படிக்க வந்த ஒரு அம்மா. இரவு ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஒருவர், ஐம்பது வயது இருக்கும். மூன்றாவது தடவை போனபோது மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். நீல அட்டை போட்ட, கோடு போட்ட நோட்டு. நடுவில் ரப்பர் பேண்ட், அதில் செருகிய ஒரு சின்னப் பென்சில். பக்கத்துக்குப் பக்கம் ரேக் எண், பெட்டி எண்ணிக்கை, சிலவற்றின் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம். வட்டம் என்றால் என்ன என்று கேட்டேன். "இது காலையில முதல் லாரிக்குப் போகும்னு எனக்குத் தெரியும்மா. சிஸ்டத்துக்குத் தெரியாது. சிஸ்டம் சொல்ற இடத்துல வெச்சா மறுபடி எடுக்க நாப்பது நிமிஷம்" என்றார். இந்த நோட்டு இருப்பது உங்கள் மேனேஜருக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ரப்பர் பேண்டைத் திரும்பப் போட்டார்.

அன்று இரவு காரிலேயே உட்கார்ந்து என் ஆய்வுக் கேள்வியை மாற்றி எழுதினேன். ஆட்கள் சிஸ்டத்தை ஏன் பயன்படுத்துவதில்லை என்பதை அடித்துவிட்டு, சிஸ்டத்துக்குத் தெரியாத எது நோட்டுக்குத் தெரியும் என்று எழுதினேன். எங்கள் கிடங்கிலும் அப்படி நோட்டுகள் இருந்திருக்கின்றன, 11 வருடமாக. எனக்குத்தான் காட்டவில்லை.

அதனால் இரண்டு மூன்று வேறு பவுண்டரிகளில் அனுமதி கேளுங்கள், கோவையில் அதற்குப் பஞ்சமில்லை. உங்கள் பவுண்டரியையும் சேர்க்க வேண்டுமானால் பேட்டியை வேறொருவர் எடுக்கட்டும், பெயரில்லாத பிரதி மட்டும் உங்கள் கைக்கு வரட்டும். யார் சொன்னது என்று கண்டுபிடிக்கும் ஆசை வரும். அதை அடக்கத்தான் வேண்டும்.

நொய்யல்கரை:

மேடம், உங்கள் பதிவைச் சனிக்கிழமை படித்தேன். ஞாயிறு அதிகாலை ஐந்தே முக்காலுக்கு யாரிடமும் சொல்லாமல் பிளான்டுக்குப் போனேன். மணல் பிளான்ட் பக்கத்தில் அந்த ஈரப்பத போர்டு இருக்கிறது, 2021ல் நானே நின்று மாட்ட வைத்தது. இரவு 11 மணியிலிருந்து 5 மணி வரை ஏழு வரியிலும் 3.6, 3.6 என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தது. ராத்திரி இரண்டு மணி நேரம் நல்ல மழை வேறு.

முன்பென்றால் அங்கேயே ஷிஃப்ட் சூப்பர்வைசரைக் கூப்பிட்டிருப்பேன். இந்தத் தடவை போனில் ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

மகளின் தேர்வு மார்ச்சில் முடிகிறது. அதுவரை படிக்க வேண்டியதைப் படிக்கிறேன். எம்பிஏ தாள்களைத் தேட ஆரம்பித்துவிட்டேன். தடையில்லாச் சான்று பற்றி முதலாளியிடம் திங்கட்கிழமை பேசுகிறேன், அரசூர் பக்கம் தெரிந்த பவுண்டரி ஒன்றிலும் அனுமதி கேட்க வேண்டும். ஐயா, சென்னை ஐஐடியில் யாரைப் பார்க்கலாம் என்று தனிச் செய்தியில் கேட்கலாமா?