மறு: ரெஸ்டோரேட்டிவ் ஜஸ்டிஸ் – ‘நேர்செய் நீதி’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தீங்கிழைத்தவரே பொறுப்பேற்று, பாதிக்கப்பட்டவருக்கு நேர்ந்ததைச் சரிசெய்ய வைக்கும் முறைதான் ரெஸ்டோரேட்டிவ் ஜஸ்டிஸ் (restorative justice). அதற்குத் தமிழில் ‘நேர்செய் நீதி’ எனலாமா என்று கேட்டிருந்தேன். ‘மறுசீரமைப்பு நீதி’ ஏற்கெனவே புழங்குகிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று நண்பர்களில் ஓர் ஐயா எழுதியிருந்தார். புழக்கத்தில் உள்ளதை லேசில் மாற்றக் கூடாது என்பது எனக்கும் உடன்பாடுதான். ஆனால் கடன் மறுசீரமைப்பு, துறை மறுசீரமைப்பு என்று அந்தச் சொல் நிர்வாகத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. புதிதாகப் படிப்பவர், நீதிமன்றங்களை மாற்றியமைக்கப் போகிறார்கள் போலிருக்கிறது என்றுதான் நினைப்பார்.

முதலில் நடைமுறையைப் பார்ப்போம். 1974-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், எல்மைரா என்ற ஊரில், இரண்டு இளைஞர்கள் 22 பேரின் உடைமைகளை நாசம் செய்தார்கள். கார் டயர்களைக் கிழித்தார்கள், ஜன்னல்களை உடைத்தார்கள். நன்னடத்தை அலுவலர் மார்க் யான்ட்சியின் யோசனையை நீதிபதி ஏற்க, இருவரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். செய்தது நாங்கள்தான் என்று நேருக்கு நேர் சொல்லி, எவ்வளவு சேதம் என்று கேட்டார்கள். அலுவலர் குறிப்பேட்டோடு பக்கத்தில் நின்றார், பேச வேண்டியது அவர்கள் பொறுப்பு. அப்புறம் இழப்பையும் ஈடுகட்டினார்கள்.

வழக்கமான விசாரணை எந்தச் சட்டம் மீறப்பட்டது, மீறியவர் யார், என்ன தண்டனை என்று கேட்கும். இங்கே கேள்வியே வேறு: யாருக்குத் தீங்கு நேர்ந்தது, அவருக்கு என்ன தேவை, அதைச் செய்யும் கடமை யாருடையது? நம் சொல்லில் இந்த மூன்றாவது கேள்வி ஒலிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

மற்ற மாற்றுச் சொற்களையும் பார்ப்போம். ‘மீட்பு நீதி’யில் அது ஒலிக்கவில்லை, வெளியிலிருந்து யாரோ வந்து காப்பாற்றுவது போல இருக்கிறது. ‘ஈடுசெய் நீதி’ பணத்தோடு நின்றுவிடும். ‘ஆற்று நீதி’ எனக்கு மிகவும் பிடித்தது, புண் ஆற்றுவது, துயர் ஆற்றுவது எல்லாம் அதில் உண்டு. ஆனால் எழுத்தில் பார்த்தால் ஆற்று நீர், ஆற்று மணல் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

‘சமரச நீதி’யை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். இரு தரப்பும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதுதான் சமரசம். அடிபட்டவர் எதை விட்டுக்கொடுப்பது? ‘சரி, பேசி முடித்துக்கொள்ளுங்கள்’ என்று எளியவர்களின் வாயை அடைப்பதற்கு இந்தச் சொல்லே துணைபோய்விடும். இத்துறைக்கு ஐ.நா. பொருளாதார, சமூக மன்றம் 2002-ல் வகுத்த அடிப்படைக் கொள்கைகள், இரு தரப்பும் தாமாக விரும்பி ஒப்புக்கொண்டால் மட்டுமே இது நடக்க வேண்டும், ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்கின்றன. பாதிக்கப்பட்டவரின் இந்த உரிமையைச் சமரசம் என்ற சொல் மறைத்துவிடும்.

அதனால்தான் ‘நேர்செய் நீதி’ என்கிறேன். கோணிப்போனதை நேர்செய்வது எல்லோருக்கும் தெரிந்த வினை. வினைத்தொகை என்பதால் எழுவாய் திறந்தே இருக்கிறது. நேர்செய்வது யார் என்று கேட்க வைக்கிறது. நேர்செய் கூட்டம், நேர்செய் உடன்பாடு என்று கிளைச்சொற்களும் தடையில்லாமல் வரும். நியூசிலாந்து 1989-ல் சட்டமாக்கிய குடும்பக் கூட்டத்தில் தவறிழைத்த சிறுவர், குடும்பத்தார், பாதிக்கப்பட்டவர், காவல்துறை எல்லோரும் ஒன்றாக உட்காருகிறார்கள். அதை விளக்க இந்தச் சொற்கள் தாங்கும்.

அரிஸ்டாட்டில் சொன்ன கரெக்டிவ் ஜஸ்டிஸோடு (corrective justice) குழம்பாதா என்று அம்மையார் ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. அரிஸ்டாட்டில் பேசுவது ஒருவர் பெற்றதையும் மற்றவர் இழந்ததையும் சமப்படுத்துவது பற்றி. அதற்குச் ‘சமன்செய் நீதி’ பொருந்தும், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும்.

இதோடு சேர்ந்து வரும் சொற்களில் ‘குற்றவாளி’ வேண்டாம், ‘தீங்கிழைத்தவர்’ போதும். முன்னது ஆளுக்கே முத்திரை குத்துகிறது, பின்னது அவர் செய்ததை மட்டும் சொல்கிறது. கூட்டத்தை நடத்துபவரை ‘நடுவர்’ என்பதும் சரிப்படாது, அவர் தீர்ப்புச் சொல்வதில்லை. ‘வழிநடத்துநர்’ என்று தற்காலிகமாக எழுதி வருகிறேன். அதிகாரத் தொனி இல்லாத வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.